பெரியவருக்கு ஒத்துக்கிட்ட மருந்து

ஒரு துப்பாக்கியை 'அவிய' என்று மரியாதை போட்டுப் பேசிய மனுஷி எனக்குத் தெரிந்து எங்கள் மதினி ஒருத்திதான். "அவியளை வெயில்ல சாத்தாத, நிழலுக்குக் கொண்டா" என்பாள். அந்த மரியாதையில் கால்வாசிகூட எனக்குக் கிடைத்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அன்றைக்கு 'ஏலே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் கோவில்பட்டியில் லேத் பட்டறை போட்டு, தலை நரைத்து, வேட்டி சட்டையில் போய் நின்றாலும் 'ஏலே'தான்.

துப்பாக்கிக்குப் பெயரே 'பெரியவர்'. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். யாரோ வெள்ளைக்காரன் ஜமீனுக்குக் கொடுத்து, ஜமீன் எங்கள் பாட்டன் வீட்டுக்குக் கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்கும். வாய்வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய சாமான். ஆனால் மற்ற நாட்டுத் துப்பாக்கி மாதிரி இல்லை. குழல் வாயில் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். உள்ளே புரி ஓடும். திருகாணியில் மரை இருக்கிறதல்லவா, அது மாதிரி, ஆனால் சோம்பேறித்தனமாக நீண்டு ஓடுகிற மரை. ஈயக் குண்டு அந்தப் புரியைப் பற்றிக்கொண்டு சுழன்று வந்தால்தான் நேராகப் போகும். பற்றாவிட்டால் பிடிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்த ஆட்டுக்குட்டி மாதிரி எங்கே ஓடும் என்று தெரியாது.

லைசன்ஸ் மதினி பெயரில். எங்கள் அப்பா வயதான காலத்தில் யார் பெயருக்கு மாற்றுவது என்று யோசித்தார். அண்ணன் தீபாவளிச் சரவெடிக்கே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுகிறவன். எனக்குக் கோபம் அதிகம், துப்பாக்கியை என் கையில் கொடுக்க ஆபீசில் இருக்கிறவனுக்குப் பைத்தியமா என்று அப்பாவே சொன்னார். மருமகள் பெயரில் எழுதினார்கள். அண்ணன் பெயர் கூடவே துணைக்கு உண்டு. மருந்து வாங்கிவர, தூக்கிவர.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு சொல்லைச் சொன்னால் போதும். 'ஒத்துக்கிடல.' எதையும் மோசம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வாயைத் திறந்தாலே மோசம், திருட்டுப் பயல், குப்பை என்றுதான் வரும். அவளுக்கு அது வராது. ஓட்டலில் புளித்துப் போன சாம்பாரை ஊற்றினான் ஒருவன். நான் இலையை மூடிவிட்டு எழுந்து சத்தம் போட்டேன். அவள் சர்வரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சாம்பாருக்கு இன்னைக்கு ஒடம்பு ஒத்துக்கிடல போல" என்றாள். அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு கொண்டுவந்தான். எனக்கு முன்னால் மட்டும் பழையதே இருந்தது.

பருத்தி விதை விற்க ஒருவன் காரில் வந்து, ஏக்கருக்கு அத்தனை வரும் இத்தனை வரும் என்று அளந்தான். வானம் பார்த்த கரிசலில் வந்து நின்று அந்தப் பேச்சு. நான் கல்லை எடுத்திருப்பேன். மதினி மோர் கொடுத்தாள். "விதை நல்ல விதைதான் தம்பி. எங்க மண்ணுக்குத்தான் உங்க பேச்சு ஒத்துக்கிடல" என்றாள். அவன் மோரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனான். பாதி வழி போனபிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கும்.

மதினி மகளைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளை காபியைப் பாதி வைத்துவிட்டு, பெண் வந்து நின்றதும் தெரியாமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா எப்போது தேதி குறிக்கலாம் என்று கேட்டாள். மதினி, மாப்பிள்ளை தங்கமான பையன், எங்கள் வீட்டுக் காபிதான் அவியளுக்கு ஒத்துக்கிடல என்று டம்ளரைக் காட்டினாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சண்டை இல்லை, பகை இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டார் வழியில் பார்த்தால் மதினியிடம் நின்று பேசுவார்கள்.

என்னைப் பற்றிக் கேட்டால் சொல்வாள்: "எங்க கொழுந்தனுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒலகந்தான் ஒத்துக்கிடல."

இனி கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிறேன். புதூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் கோயில் கொடை அன்று காலையில் கண்மாய்க் கரையோரம் இருக்கிற பனையில் ஒரு கலயம் கட்டித் தொங்கவிடுவார்கள். உள்ளே மஞ்சள் தண்ணீர். எங்கள் வீட்டுத் துப்பாக்கி அதை உடைக்க வேண்டும். தண்ணீர் மண்ணில் விழுந்தபிறகுதான் மேளக்காரன் மேளத்தைத் தொடுவான். கரைக்கு அப்பால் வெறும் பொட்டல். அந்த நேரத்துக்கு ஆடுகூட அங்கே போகாது. ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். ஆனால் கலயக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பூசாரி பனை அடியிலேயே நிற்பார். அது முட்டாள்தனம் என்று நான் கத்தாத வருஷம் இல்லை. ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்பார்.

அப்பா இருந்தவரை கலயம் தப்பியதில்லை. மதினி கைக்கு வந்தும் பல வருஷம் தப்பவில்லை. பிறகு திடீரென்று ஒரு கொடையில் தப்பியது. டமார் என்று காது கிழிகிற சத்தம். புகை விலகிப் பார்த்தால் கலயம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. பூசாரி கல்லால் உடைத்தார். அடுத்த கொடையிலும் அதே கதை. ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து மூன்று கொடை தப்பினால் முதல் வேட்டு போடுகிற உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது.

வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தான். எங்கள் பங்காளி, பட்டாளத்தில் இருந்து ஓய்வாகி வந்தவன். பட்டாளத்தான் என்றுதான் கூப்பிடுவோம். மதினிக்கு அவனும் கொழுந்தன் முறை. மீசையைத் தடவிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து, மதினிக்குக் கை நடுங்குகிறது, பொம்பளைக்கு எதற்கு இந்தச் சோலி, அடுத்த வருஷம் வேட்டு நம்ம வீட்டில்தான் என்று போகிற வருகிறவனிடமெல்லாம் சொன்னான். வேட்டு அவன் வீட்டுக்குப் போனால் எங்கள் துப்பாக்கி பீரோவில் துருப்பிடிக்க வேண்டியதுதான். மதினிக்கு அது தெரியும். பால் கறக்கும்போதும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும் அவள் வாய் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கையி நடுங்கலலே. மருந்துதான் அவியளுக்கு ஒத்துக்கிடல."

விஷயம் இதுதான். முன்னே மருந்து வாங்கிய கடைக்காரர் கடையை மூடிவிட்டார். புதிய கடையில் கொடுத்த மருந்து மாவு மாதிரி இருந்தது. பொடி மருந்து பட்டென்று பற்றும், பலமாக உதைக்கும், சத்தம் கேட்கிற ஊருக்கு ரொம்பப் பிடிக்கும். குண்டு ஈயம். மெத்து. பின்னாலிருந்து அப்படி ஒரு அடி விழுந்தால் புரியைப் பற்றாமல் உரசி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதை நான் இப்போது அழகாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் தெரியாது. ஊரே மருந்து பத்தல, கூடப் போடு என்றது. நானும் அதைத்தான் கத்தினேன்.

மதினி கூடப் போடவில்லை. கோடை உழவுக்கு முன்னால் எங்கள் புஞ்சையில் கரிசல் மண்ணைக் குவித்துத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரு மேடு போடச் சொன்னாள். தண்ணீர் சுமந்தவன் நான். குடிக்கவே லாரித் தண்ணீர் பிடிக்கிற ஊரில் மண்ணுக்குத் தண்ணீர் சுமந்தேன். போகிறவன் ஒவ்வொருவனும் நின்று, என்ன அண்ணாச்சி நாற்று பாவப் போறீகளா என்று கேட்டான். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

நனைந்த கரிசல் குண்டை நசுக்காது. வாங்கி வைத்துக்கொள்ளும். மதினி அந்த மேட்டில் சுடுவாள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை முழங்கை வரை விட்டுக் குண்டைத் தோண்டி எடுப்பாள். கழுவித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். புரித்தடம் குண்டின் மேல் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருக்காது. தேய்த்துவிட்ட மாதிரி கலங்கிக் கிடக்கும். குழலுக்குள் கம்பி விட்டுத் துடைத்தால் ஈயம் வெள்ளி மினுக்காக வரும். குண்டின் தோல் உள்ளேயே உரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பொடி மருந்தைக் குறைத்துப் பார்த்தாள். ஒத்துக்கிடல. ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிக் குண்டுக்குக் கனமாகப் பூசினாள். கொஞ்சம் ஒத்துக்கிட்ட மாதிரி இருந்து மறுபடி ஒத்துக்கிடல. நான் பட்டறையிலிருந்து கார் சக்கரத்துக்கு வைக்கிற எடைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு போய், இந்த ஈயம் கெட்டி, இதில் வார்ப்போம் என்றேன். அவள் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் ஏறவில்லை. "இவிய ரொம்ப வெறைப்பால்லா இருக்காவ. பட்டாளத்துல இருந்து வந்தாவளோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் இந்த நாட்களில் எல்லாம் எங்கேயோ தூரத்தில் ஆடு தேடிக்கொண்டிருந்தான். ஆடு ஒன்றும் தொலையவில்லை.

கடைசியில் மதினிக்கு மாமனார் காலத்திலிருந்து வாங்கிவந்த பழைய கடை மருந்து ஞாபகம் வந்தது. அது மாவு இல்லை. அரிசிக் குருணை மாதிரி பருக்கை பருக்கையாக இருக்கும். மெதுவாகப் பற்றும், குண்டை அடிக்காது, தோளைப் பிடித்துத் தள்ளிவிடுகிற மாதிரி தள்ளும். கொடை நெருங்கிவிட்டது. லைசன்ஸைக் கையில் கொடுத்து, குருணை மருந்து வாங்கி வாருங்கள் என்று அண்ணனைக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். இதைவிடப் பெரிய தப்பு அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

மத்தியானம் எனக்குப் போன் வந்தது. பட்டறைத் தெருவிலேயே இருக்கிற பூச்சிமருந்துக் கடைக்காரர்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. உங்க அண்ணன் இங்கன நம்ம கடையில இருக்காரு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

"என்ன செஞ்சான்?"

"இன்னும் ஒண்ணும் செய்யல. குருணை மருந்து வேணும்னாரு. மக்காச்சோளத்துக் குருத்துல போடத்தான் எல்லாரும் வாங்குவாவ. எந்தப் பயிருக்குன்னு கேட்டேன். பயிருக்கு இல்ல, வீட்டுல பெரியவருக்குங்காரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொடி மருந்து குடுத்துப் பாத்தாங்களாம், ஒத்துக்கிடலயாம். குருணை குடுத்தா சத்தமில்லாம காரியம் முடிஞ்சிரும்னு வீட்டுக்காரி சொல்லிவிட்டாளாம். எனக்குக் கை கால் ஓடல அண்ணாச்சி. டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருக்கேன்."

ஓடினேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். நல்ல மனுஷர், வந்தவனுக்கு டீ வடை எல்லாம் தருகிறார் என்று என்னிடம் கடைக்காரரைப் புகழ்ந்தான். கடைக்காரர் அவனிடம், உங்க அப்பாவுக்கு என்ன வயசு இருக்கும் என்று மெல்லக் கேட்டார். எங்கப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சே என்றான் அண்ணன்.

"அப்ப பெரியவருன்னது?"

"அவியளா? அவியளைப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கோம்."

கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். நான் அண்ணன் சட்டைப் பையிலிருந்து லைசன்ஸை உருவி அவர் முன்னால் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க முடியாமல் மருந்து மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். லைசன்ஸைப் படித்துவிட்டு அவரும் சிரித்தார். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டான்.

பிறகு நானே அண்ணனை வெடிமருந்துக் கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே குருணை ஒரே ஒரு டப்பா பின்னால் கிடந்தது. இதை யாரும் வாங்குவதில்லை, சத்தமே வராது, அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான். மதினி அன்றைக்கே கரிசல் மேட்டில் ஒரு குண்டு சுட்டாள். தும் என்றது. மெத்தையை உதறுகிற சத்தம். தோண்டி எடுத்துக் கழுவினாள். குண்டைச் சுற்றி, நான் லேத்தில் வெட்டின மரை மாதிரி புரித்தடம் அவ்வளவு சுத்தமாக ஓடியிருந்தது. அவள் குண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்பில் கருப்பட்டிப் பாகு ஏற்றினாள். அன்றைக்கு எல்லோருக்கும் பணியாரம்.

கொடை அன்று காலையில் ஊரே கண்மாய்க் கரைப் பக்கம் திரண்டு நின்றது. பட்டாளத்தான் வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. வேட்டு உரிமையைக் கைமாற்றி வாங்குவதற்குத் தாம்பாளம்கூடக் கொண்டுவந்திருந்தான். பூசாரி வழக்கம்போலக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு பனை அடியில் நின்றார். நான் வழக்கம்போலக் கத்தினேன். ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, இன்னும் ஒன்றும் நடக்காதபோதே கண்ணை மூடிக்கொண்டான்.

மதினி மருந்தைப் போட்டு, குண்டை இறக்கி, கம்பியால் மெல்ல அமுக்கினாள். தோளில் ஏற்றும்போது துப்பாக்கியிடம் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

தும்.

கூட்டம் அதற்குப் பிறகும் வெடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றது. காதைப் பொத்தியவர்கள் பொத்தியபடியே இருந்தார்கள். பட்டாளத்தான் கையைத் தட்டிச் சிரித்து, நமுத்துப் போச்சு, வேட்டு நமுத்துப் போச்சு, மூணாவது கொடையும் தப்பிச்சு என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்துவிட்டான். புகை அப்போதுதான் விலகியது. பனையில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கலயம் இல்லை.

பட்டாளத்தான் விடவில்லை. அவன் விட்டுவிட்டால் பட்டாளத்தானா? வேட்டு என்றால் சத்தம் கேட்க வேண்டும், சத்தமே கேட்காதது வேட்டு ஆகுமா, கலயம் காற்றில் அறுந்து விழுந்திருக்கும், இது கணக்கில் சேராது என்று சட்டம் பேசினான். இரண்டொரு பெரிய ஆட்களும் அதுவும் சரிதானே என்று தலையை ஆட்டினார்கள். என் கை பரபரத்தது. மதினி என் பக்கம் திரும்பாமலே, கையை மட்டும் நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பனை அடியிலிருந்து பூசாரி நடந்து வந்தார். தலையிலிருந்து கால்வரை மஞ்சள். தாடியில் மஞ்சள் சொட்டியது. தலைமுடியில் கலயத்தின் ஒரு ஓட்டுச் சில்லு செருகியிருந்தது. நேரே பட்டாளத்தான் முன்னால் வந்து நின்றார்.

"வேட்டு இல்லங்கியா? அப்ப என் தலையில கொட்டுனது என்னல, உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியா?"

முதலில் சிரித்தது மேளக்காரன். சிரித்துக்கொண்டே அடித்தும்விட்டான். மேளம் விழுந்தால் கொடை ஆரம்பித்தாயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து, சுட்டாச்சா என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான். பட்டாளத்தான் தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மதினி அவனிடம் போனாள். நான் ஒரு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று ஆசையோடு பார்த்தேன். அவள் தாம்பாளத்தை வாங்கி, அதில் இருந்த பூவில் ஒரு முழம் கிள்ளித் துப்பாக்கிக் குழலில் சுற்றினாள்.

"கொழுந்தனாரே, இப்பமாச்சும் ஒத்துக்கிடுதீரா?"

அவன் தரையைப் பார்த்தான். மீசைக்கு அடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒத்துக்கிட்டேன் மதினி" என்றான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? நானா ஒடச்சேன்? அவியகிட்டச் சொல்லும்."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டாளத்தான் துண்டை இடுப்பில் கட்டினான். குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பூ சுற்றிய அந்தக் கிழட்டுக் குழலுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"ஒத்துக்கிட்டேன், ஐயா."

மதினி இப்போது மகளோடு புதியம்புத்தூரில் இருக்கிறாள். மகள் தையல் யூனிட் வைத்திருக்கிறாள். மதினி கொடைக்குத் தவறாமல் வந்துவிடுவாள். வந்து இறங்கியதும் முதல் விசாரிப்பு பெரியவருக்கு, அவிய சௌக்கியமா என்று. இரண்டாவது, குருணை வாங்கியாச்சா, யார் போனது என்று. பட்டாளத்தான்தான் இப்போதெல்லாம் அண்ணனோடு கூடப் போய் வாங்கி வருகிறான். கடைசியாகத்தான் என்னைப் பார்ப்பாள்.

"ஏலே, மண்ணு நனைக்கணும். தண்ணி எடுத்தாச்சா?"